கென்யா சஃபாரிக்கு 8.9 லட்சம் கொட்டேஷன்: நியாயமா? எங்கே குறைக்கலாம்?

பள்ளிக்கரணை நாரை கேட்டது:

வணக்கம். காலாண்டு விடுமுறையில், செப்டம்பர் கடைசி வாரம், கென்யா போகத் திட்டம். பெரியவர்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு பேர் (14 வயது, 10 வயது). சென்னை ஏஜென்ட் ஒருவர் கொடுத்த கொட்டேஷன்: 6 இரவு, 7 பகல். நைரோபி 1, அம்போசெலி 1, நகுரு ஏரி 1, மசாய் மாரா 3. தனி லேண்ட் க்ரூசர், ஓட்டுநரே கைடு, மூன்று வேளைச் சாப்பாடு, பூங்கா கட்டணம் எல்லாம் சேர்த்து 8,90,000 ரூபாய். விமானம், ஜிஎஸ்டி, டிசிஎஸ் (வருமான வரிக்காக ஏஜென்ட் முன்கூட்டியே வசூலிப்பது) தனி. லாட்ஜ் பெயருக்குப் பக்கத்தில் எல்லா இடத்திலும் 'அல்லது அதற்கு இணையானது' என்று போட்டிருக்கிறார்.

கொரோனாவுக்கு முந்தைய பதிவுகளில் இதே சுற்றுக்குப் பாதி விலைதான் காண்கிறது. எதனால் இவ்வளவு ஏறியது? இந்தத் தொகை சரிதானா? பிள்ளைகள் பார்க்க வேண்டியதைக் குறைக்காமல் செலவை எங்கே குறைக்கலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிண்டிமான் பதில்:

மொத்தத் தொகையை வைத்துப் பேரம் பேசினால் பிடி கிடைக்காது சார். பிரித்துப் போட்டுப் பார்க்க வேண்டும். சஃபாரி விலையில் மூன்று வகைச் செலவு உண்டு: தலைக்கு இவ்வளவு என்று அரசு வாங்குவது, வண்டிக்கு இவ்வளவு என்று வருவது, படுக்கைக்கு இவ்வளவு என்று வருவது. முதலாவதை யாரும் தள்ளுபடி செய்ய மாட்டார்கள். இரண்டாவது, ஆள் கூடினால் தலைக்குக் குறையும். மூன்றாவதில்தான் ஏஜென்டின் லாபம் ஒளிந்திருக்கும்.

ஏற்றத்தின் பெரும்பங்கு முதல் வகையில். மாராவில் நெடுங்காலம் பெரியவருக்கு ஒரு நாளைக்கு, காப்பகத்துக்குள் தங்கினால் 70 டாலர், வெளியே தங்கினால் 80 டாலர். 2024 முதல் ஜனவரி–ஜூன் 100 டாலர், ஜூலை–டிசம்பர் 200 டாலர். முன்பு 24 மணி நேரத்துக்கு இருந்த சீட்டு இப்போது காலை 6 முதல் மாலை 6 வரை மட்டுமே. 9 முதல் 17 வயது வரை 50 டாலர். அம்போசெலியும் நகுருவும் 60 டாலராக இருந்தவை, 2025 அக்டோபர் கட்டணப்படி 90, பிள்ளைகளுக்கு 45. இதன்மேல் ரூபாயின் சரிவு. 2020 தொடக்கத்தில் டாலர் 71 ரூபாய். அன்று 70 டாலர் என்பது ஐயாயிரம் ரூபாய்க்குள். இப்போது 200 டாலரை, டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்துப் பெருக்கினால் 18,000. ஒரே ஆளுக்கு, ஒரே பகலுக்கு.

இனி உங்கள் கொட்டேஷன். லேண்ட் க்ரூசர், டீசல், ஓட்டுநர் சேர்த்து நாளைக்கு 230 டாலர் என்று வைத்தால் 7 நாளுக்கு 1,610. மாராவுக்குள் 3 இரவு என்றால் 3 சீட்டு: பெரியவர்கள் 1,200, பிள்ளைகள் 300, ஆக 1,500. அம்போசெலி, நகுரு இரண்டுக்கும் சேர்த்து 540. நடுத்தர லாட்ஜ், நால்வருக்கு இரண்டு அறை, மாராவில் இரவுக்கு 600, மற்ற இடங்களில் 400 என்று கொண்டால் 3,000. தண்ணீர், விமான நிலைய வண்டி, அவசர மருத்துவ விமானக் காப்பீடு போன்ற சில்லறைக்கு 150. கூட்டினால் 6,800 டாலர். அங்கே இருக்கும் ஆபரேட்டர், இங்கே இருக்கும் ஏஜென்ட் இருவருக்குமாக 15 சதவீதம் போட்டால் 7,820. ரூபாயில் ஏறக்குறைய 7,04,000.

உங்களிடம் கேட்பது 8,90,000. நடுவில் இருக்கும் 1,86,000க்கு நல்ல லாட்ஜ் காரணமாக இருக்கலாம். அப்படியானால் லாட்ஜின் பெயரை எழுத்தில் தர வேண்டும். 'இணையானது' என்ற சொல்லை நீக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லால் காப்பகத்துக்குள் இருக்கும் கேம்ப், கேட்டிலிருந்து முக்கால் மணி தள்ளியிருக்கும் விடுதியாக மாறிவிடும். லாட்ஜ் கேட்டுக்கு உள்ளேயா வெளியேயா, வண்டி எத்தனை நாள், நுழைவுச் சீட்டு எத்தனை, கென்யாவில் நடத்தப்போகும் ஆபரேட்டர் யார், அவர் கென்யா டூர் ஆபரேட்டர் சங்கத்தில் உறுப்பினரா, பூங்கா கட்டணம் ஏறினால் வித்தியாசத்தை யார் கட்டுவது: இந்த ஆறையும் மின்னஞ்சலில் கேளுங்கள். வரி வரியாகப் பதில் தருபவரோடு மேற்கொண்டு பேசலாம். 'எல்லாம் பேக்கேஜில் அடக்கம்' என்பதோடு நிறுத்துபவரை விட்டுவிடுங்கள்.

குறைக்கக்கூடிய இடம் இரண்டு சொல்கிறேன். ஒன்று, நகுரு. ஒரே இரவுக்கு அங்கே போக வண்டி 230, தங்கல் 400, நுழைவு 270: மொத்தம் 900 டாலர், அதாவது 81,000 ரூபாய். அம்போசெலியிலிருந்து நகுரு வரை கிட்டத்தட்ட ஒரு பகல் முழுக்க ரோடு. பூநாரைக் கூட்டத்துக்காகப் போகிறீர்கள் என்றால், ஏரியின் நீர்மட்டம் ஏறியதில் அவை பெரும்பாலும் பொகோரியா ஏரிப் பக்கம் நகர்ந்துவிட்டன. காண்டாமிருகம் அங்கே நன்றாகத் தெரியும், உண்மை. ஆனால் நைரோபி தேசியப் பூங்காவிலும் தெரியும். நகரை ஒட்டியே இருக்கிறது, அரை நாள் போதும்.

இரண்டாவது, மாராவின் கடிகாரம். நைரோபியிலிருந்து நரோக் வழியாக செகெனானி கேட்டுக்கு ஐந்தாறு மணி நேரம். காலை 8க்குக் கிளம்பி, வழியில் சாப்பிட்டுச் சேரும்போது மணி மூன்று ஆகிவிடும். நான்கு மணிக்கு உள்ளே நுழைந்து ஆறுக்கு வெளியேறினாலும் முழுச் சீட்டுதான். உங்கள் குடும்பத்துக்கு அந்த இரண்டு மணி நேரத்தின் விலை 500 டாலர். செகெனானி, தாலெக் கேட்களை ஒட்டி வெளியே தங்கி, வந்த அன்று ஓய்வெடுத்து, அடுத்த இரண்டு பகலும் மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு ஆறிலிருந்து ஆறு வரை உள்ளேயே இருந்து, நான்காம் நாள் காலை ஊர் திரும்பினால் இரண்டு சீட்டோடு முடியும். 45,000 ரூபாய் மிச்சம். காட்டுக்குள் 24 மணி நேரம் கிடைக்கிறது. உள்ளே தங்குவோர் கடைசி நாள் 10 மணிக்குள் வெளியேறாவிட்டால் இன்னொரு நாள் சீட்டு விழும். இதை ஓட்டுநர் மறந்தால் நம் பையிலிருந்துதான் போகும்.

தரமணி கணக்கு பதில்:

கிண்டிமான் சொன்னதோடு வரி விஷயம். 2025–26 நிதியாண்டில் வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு டிசிஎஸ், ஒரு பான் எண்ணுக்கு 10 லட்சம் வரை 5 சதவீதம், அதற்கு மேற்பட்ட தொகைக்கு 20 சதவீதம் என்றிருந்தது. பட்ஜெட்டில் மாறக்கூடியது, பணம் கட்டும் நாளில் உள்ள விகிதமே செல்லும். அந்த விகிதத்தில் 8.9 லட்சத்துக்கு 44,500. இதிலேயே விமான டிக்கெட்டையும் சேர்த்து ஏஜென்டிடம் வாங்கி மொத்தம் 11.1 லட்சம் ஆனால், முதல் 10 லட்சத்துக்கு 50,000, மீதி 1.1 லட்சத்துக்கு 22,000, ஆக 72,000. விமான டிக்கெட்டை மட்டும் தனியாக நீங்களே எடுத்தால் அதற்கு டிசிஎஸ் இல்லை. எனவே பிரித்து வாங்குங்கள்.

டிசிஎஸ் செலவல்ல, முன்பணம். உங்கள் பான் எண்ணின் வரிக் கணக்கில் ஏறியதா என்று பார்த்து ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். சம்பளக்காரர் என்றால் அதுவரை காத்திருக்கவும் வேண்டாம்: அதற்கான படிவத்தை நிரப்பி அலுவலகத்தில் கொடுத்தால் மாதச் சம்பளத்தில் பிடிக்கும் டிடிஎஸ்ஸில் சரிக்கட்டுவார்கள். யார் பான் எண்ணில் பில் போடுகிறார்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். வரியே கட்டாத பெற்றோர் பெயரில் போட்டுவிட்டு, பிறகு ரீஃபண்டுக்கு அலைவது பலருக்கும் நடக்கிறது. ஜிஎஸ்டி 5 சதவீதம் மட்டும் திரும்ப வராது.

கென்யா ஆபரேட்டருக்கு நேராகக் கட்டுவதானால், கார்டில் பல வங்கிகள் 3.5 சதவீத மார்க்-அப் (நாணய மாற்றுக் கட்டணம்) போட்டு அதன்மேல் ஜிஎஸ்டியும் வாங்கும். 7,000 டாலருக்கு அதுவே 25,000 ரூபாயைத் தாண்டுகிறது. மார்க்-அப் இல்லாத கார்டு அல்லது வங்கி வழி ஸ்விஃப்ட் பணப்பரிமாற்றம் மேல். ஸ்விஃப்டில் இடைப்பட்ட வங்கிக் கட்டணத்தையும் நாமே ஏற்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் அங்கே 20, 30 டாலர் குறைவாகப் போய்ச் சேரும். 'பாக்கி வரவில்லை' என்று லாட்ஜ் புக்கிங்கை நிறுத்தி வைப்பார்கள். ஏஜென்ட் என்ன டாலர் விலை போடுகிறார் என்பதையும் கேளுங்கள். அன்றைய சந்தை விலைக்கு மேல் இரண்டு, மூன்று ரூபாய் வைத்திருந்தால் அதுவும் லாபக் கணக்கில் சேர்ந்ததுதான்.

முட்டுக்காடு பதில்:

தான்சானியா மலிவு என்று யாராவது திருப்பிவிட்டால் யோசிக்காமல் மாறாதீர்கள். செரெங்கெட்டி நுழைவு 70 டாலர்தான், ஆனால் 18 சதவீத வாட் சேர்ந்து 82.60. பூங்காவுக்குள் லாட்ஜில் தங்கினால் இரவுக்கு ஆளுக்கு 60 டாலர் தங்கல் கட்டணம், வாட்டோடு 70.80. இது அறை வாடகை இல்லை, அரசுக்குப் போவது. செரெங்கெட்டிக்கு வழக்கமான ரோடு ங்கோரோங்கோரோ வழியாகத்தான் போகிறது. சும்மா கடந்து போனாலும் அந்தப் பகுதியின் நுழைவு 70.80 கட்டியாக வேண்டும். எரிமலைப் பள்ளத்துக்குள் வண்டி இறங்க, ஒரு முறைக்கு 295 டாலர். இருவர் போனாலும் அதுதான், ஆறு பேர் போனாலும் அதுதான். ஆறு பேர் சேர்ந்தால் தலைக்கு 50க்குள் வந்துவிடும்.

ஒரு வசதி: செரெங்கெட்டிச் சீட்டு, நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம். நாபி ஹில் கேட்டில் பகல் 1 மணிக்கு முத்திரை விழுந்தால் மறுநாள் 1 மணி வரை செல்லும். இரண்டு சீட்டு எடுத்தவர் மூன்றாம் நாள் 1 மணிக்குள் வெளியேற வேண்டும். கிளம்பும் வழியில் சிங்கத்தைப் பார்த்து அரை மணி நின்று, 1.20க்குக் கேட்டுக்கு வந்தால் எல்லோருக்கும் இன்னொரு நாள் கட்டணம். கைடிடம் முதல் நாளே 'எத்தனை மணிக்கு முத்திரை?' என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கரணை நாரை:

மிக்க நன்றி. இவ்வளவு தெளிவாக எந்த ஏஜென்டும் சொல்லவில்லை. இரண்டு சந்தேகம். மே மாதம் மாரா கட்டணம் பாதிதானே, பிள்ளைகளுக்கும் நீண்ட விடுமுறை. அப்போது போனால் என்ன? நாங்கள் சைவம், அது சிக்கலாகுமா?

வண்டலூர்வாசி பதில்:

மே மாத மாராவில் சீட்டு 100 டாலர், லாட்ஜும் நன்றாகக் குறையும், வண்டிக் கூட்டம் இருக்காது. ஆனால் மார்ச் முதல் மே வரை அங்கே பெருமழைக் காலம். மாரா நிலம் பெரும்பாலும் கரிசல். நனைந்தால் என்னாகும் என்று கோவில்பட்டிப் பக்கம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: டயரின் பள்ளமெல்லாம் மண் அப்பி வழவழவென்றாகி, நான்கு சக்கர இழுவை வண்டியே பக்கவாட்டில் வழுக்கும். மழைக்குப் பிறகு சில தடங்களில் அரை நாள் வண்டி இறங்க முடியாது. புல்லும் இடுப்பு உயரம். வில்டபீஸ்ட் (மாட்டைப் போன்ற பெரிய மான் வகை) கூட்டம் அப்போது தான்சானியா பக்கம் இருக்கும். சில கேம்புகள் ஏப்ரல், மேயில் மூடிவிடுவார்கள். மழையைப் பொறுத்துக்கொள்ளும் படப்பிடிப்பாளர்களுக்கு அது நல்ல காலம். முதல் முறை பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். நவம்பரிலும் ஒரு பொறி உண்டு: லாட்ஜ் விலை சீசன் முடிந்த விலை, காப்பகக் கட்டணம் மட்டும் 200ஆகவே நிற்கும். விளம்பரத்தில் முதலாவதைத்தான் பெரிதாகப் போடுவார்கள்.

மே மாதம்தான் முடியும் என்றால் தென்னாப்பிரிக்காவின் க்ரூகரைப் பாருங்கள். சென்னைப் பள்ளி விடுமுறைக்குச் சரியாக ஒத்துவருவது அதுதான் என்பது என் உறுதியான கருத்து. அங்கே மே என்பது மழை முடிந்து வறட்சி தொடங்கும் மாதம். காலையில் குளிர், பகலில் இதமான வெயில். ஜூலை, ஆகஸ்ட் அளவுக்குப் புல் படிந்திருக்காது. ஆனாலும் விலங்குகள் ஆற்றோரமும் நீர்நிலையோரமும் கூடத் தொடங்கிவிடும். முக்கியமாக, நாமே கார் ஓட்டலாம். நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் நாடு. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை ஆர்டிஓவில் 1,000 ரூபாய் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். வாடகைக் கார் கவுன்ட்டரில் வாக்குவாதம் இருக்காது.

க்ரூகரில் 5 இரவுக்குத் தோராயக் கணக்கு, ரேண்டில்: நுழைவு ஆளுக்கு நாளைக்கு 600ஐ ஒட்டி. 12 வயதுக்குக் கீழே பாதி என்பதால் உங்கள் பெரிய பிள்ளைக்கு முழுக் கட்டணம், சின்னதுக்குப் பாதி. ஐந்து நாளுக்கு 10,500. பூங்காவின் சொந்த ஓய்வு முகாமில் நால்வருக்கு இரவுக்கு 4,000 என்று 20,000. சிறிய எஸ்யூவி 7 நாள் 5,600. பெட்ரோலும் சுங்கமும் 3,000. சமையல் சாமான் 3,600. முகாமிலிருந்து பூங்கா வண்டியில் ஒரு மாலைச் சவாரி 2,000. மொத்தம் 44,700 ரேண்ட். ரேண்ட் 5.30 ரூபாய் என்றால் 2.37 லட்சம். விமானமும் விசாவும் தனி. ஜோஹானஸ்பர்க் டிக்கெட் நைரோபியைவிடக் கூடுதல்தான், ஆனாலும் கென்யாவின் 7 லட்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முகாம்களில் சமையலிடத்தோடு கூடிய குடில் கேட்டு வாங்குங்கள். அரிசி, பருப்பு, குக்கர் இருந்தால் சைவக் கேள்வியே எழாது. லோயர் சாபி 2 இரவு, சதாரா 2 இரவு, ஸ்குகூசா 1 இரவு என்று பிரிக்கலாம். லோயர் சாபி முகாமை ஒட்டிய சன்செட் டாமில் காரை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்காருங்கள்: நீர்யானை முதுகின்மேல் ஆமை, கரையில் முதலை, தண்ணீருக்கு வரும் யானைக்கூட்டம், எல்லாம் கார் கண்ணாடி வழியே தெரியும். சதாராவைச் சுற்றிய புல்வெளி சிங்கத்துக்குப் பெயர் போனது. எஸ்-100 மண் தடத்தில் விடிந்தவுடன் மெதுவாகப் போக வேண்டும்.

தவறு நடப்பது பெரும்பாலும் தூரக் கணக்கில். தார் ரோட்டில் 50, மண் ரோட்டில் 40 கிலோமீட்டர்தான் வேக வரம்பு. நின்று நின்று போகும்போது சராசரி 25ஐத் தாண்டாது. லோயர் சாபியிலிருந்து சதாரா ஏறக்குறைய 90 கிலோமீட்டர். நம் ஊர்க் கணக்கில் இரண்டு மணி நேரம் என்று நினைப்போம், அங்கே அது அரைப் பகல். மே மாதம் முகாம் கேட் காலை 6க்குத் திறந்து மாலை 5.30க்கு மூடும். தாமதமானால் அபராதம். அனுமதித்த இடம் தவிர எங்கேயும் காரைவிட்டு இறங்கக்கூடாது. எனவே ஓய்விடங்களை வரைபடத்தில் முன்பே குறித்து வையுங்கள். குடில்கள் 11 மாதம் முன்பே பூங்கா இணையதளத்தில் திறக்கும். சதாராவும் லோயர் சாபியும் முதலில் நிறையும்.

ஆனால் ஒன்று: கைடு இல்லாமல் போனால் சிறுத்தையை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பொறுமை உள்ள பிள்ளைகளா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சமவெளி முழுக்க விலங்கு என்ற காட்சி வேண்டுமானால் அது மாராதான்.

மந்தைவெளி மருந்தகம் பதில்:

கென்யா போவதென்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை டிக்கெட்டோடு சேர்த்தே திட்டமிடுங்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட்டிருக்க வேண்டும். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்துவார்கள், 6 நாள் வரை. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும், ராஜாஜி சாலையில் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். குறிப்பிட்ட நாட்களில் மட்டும்தான். முன்பதிவும் பாஸ்போர்ட்டும் தேவை. பிள்ளைகளுக்கும் வேண்டும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். தென்னாப்பிரிக்காவுக்கு நேரடியாகத் தேவையில்லை. ஆனால் அடிஸ் அபாபா, நைரோபி வழி நீண்ட காத்திருப்போடு டிக்கெட் எடுத்தால் போட்டுக்கொள்வதே பாதுகாப்பு. மலேரியா மாத்திரை மாராவுக்கும் க்ரூகருக்கும் பொருந்தும். பிள்ளைகளின் எடையைச் சொல்லி மருத்துவரிடம் அளவு கேளுங்கள்.

பொடி, ஊறுகாய், புளிக்காய்ச்சல் எடுத்துப் போவோர் கவனிக்க: கென்யாவில் 2017 முதல் பிளாஸ்டிக் பை தடை. கடைக் கவரில் சுற்றாமல் டப்பாவிலும் துணிப்பையிலும் வையுங்கள். சைவச் சாப்பாட்டை லாட்ஜுக்கு முன்பே எழுதிச் சொன்னால் செய்து தருவார்கள். 'முட்டை, மீன், இறைச்சிச் சாறு எதுவும் வேண்டாம்' என்று பிரித்து எழுதுங்கள். வெறுமனே சைவம் என்றால் மீன் வந்துவிடும்.

கிண்டிமான்:

வண்டலூர்வாசி சொன்னது சரி. செப்டம்பர் கடைசியில் மாரா என்றால் மாராவே போங்கள், வில்டபீஸ்ட் கூட்டம் இன்னும் அங்கே இருக்கும் காலம். நகுருவை எடுத்துவிட்டால் மிஞ்சும் பணத்தில் ஒரு யோசனை: மாராவின் மூன்று இரவில் ஓர் இரவை நபோய்ஷோ அல்லது ஓல் கின்யெய் போன்ற கன்சர்வன்சியில் வையுங்கள். மசாய் குடும்பங்களின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவை. கட்டணம் பல கேம்புகளில் அறை வாடகையிலேயே அடங்கும். காப்பகத்துக்குள் நுழையாத நாளுக்கு 200 டாலர் சீட்டு வேண்டியதில்லை. ஒரு விலங்கைச் சுற்றி இத்தனை வண்டிதான் என்று கட்டுப்பாடு உண்டு; காப்பகத்தில் தடைசெய்த இரவுச் சவாரியும், தடத்தை விட்டு இறங்கிப் போவதும் அங்கே கிடைக்கும். அறை வாடகை அதிகம்தான், ஆனால் சீட்டுப் பணத்தைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். உங்கள் லேண்ட் க்ரூசர் உள்ளே வரலாமா, கேம்ப் வண்டிதானா என்று கேளுங்கள். கேம்ப் வண்டி என்றால் அன்றைய 230 டாலரை ஏஜென்ட் கழித்துத் தர வேண்டும்.

பள்ளிக்கரணை நாரை:

நகுருவை எடுத்துவிட்டு, லாட்ஜ் பெயரோடும் சீட்டு எண்ணிக்கையோடும் பிரித்துத் தரச் சொல்லி ஏஜென்டுக்கு எழுதியிருக்கிறேன். கென்யாவில் இருக்கும் இரண்டு ஆபரேட்டர்களுக்கும் அதே கேள்விகளை அனுப்பியாயிற்று. பதில் வந்ததும் மூன்றையும் இங்கேயே போடுகிறேன், கண்ணோட்டம் விடுங்கள். கிங் இன்ஸ்டிடியூட்டில் நாள் கேட்கப் போகிறேன்.